பிரட்டும் தொட்டிலும்: மாத்தளைப் பெருந்தோட்டங்களில் குழந்தை வளர்ப்பு – ஒரு வரலாற்று நோக்கு

ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் நோக்கி ஏறும் பாதையில் முதலில் வருவன தேயிலை மலைகளும் அவற்றினிடையே லயங்களுமாகும். மேலே செல்லச் செல்லத் தேயிலை அருகி நக்கிள்ஸ் காடு தொடங்குகின்றது. மூடுபனியையும் காற்றையும் காணவரும் பயணிகள் இந்த லயங்களைப் பொதுவாகக் கடந்தே செல்கின்றனர். ஆயினும், குழந்தையை வளர்க்கும் பொறுப்பு யாருடையது என்று இன்றைய நகரக் குடும்பங்களில் எழுப்பப்படும் வினாவுக்கு இம்மலைச் சரிவுகளில் மிக முன்னரே ஒரு விடை கிடைத்துவிட்டது. அவ்விடையைத் தந்தது பெற்றோருமல்லர், மரபுமன்று, தோட்டத்தின் வேலைநேரமே.

கூட்டுக்குடும்பம் சிதைந்து தனிக்குடும்பம் தோன்றிற்று, தாய் வேலைக்குச் சென்றாள், அதன் பின்னரே குழந்தைக் காப்பகம் வந்தது என்பது குடும்ப மாற்றம் பற்றிப் பொதுவாகக் கூறப்படும் வரன்முறையாகும். கொழும்பு, சென்னை போன்ற நகரங்களின் நடுத்தர வர்க்கத்துக்கு இது ஓரளவு பொருந்தலாம். மலையகத்துக்கு இது பொருந்தாது. அங்கு தாய் உழைப்பாளியாகவே குடும்ப வரலாற்றினுள் நுழைகின்றாள்.

மாத்தளைப் பகுதியிற் கோப்பித் தோட்டங்கள் பெருகிய 1840களில், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே தம்புள்ளையூடாக நடந்து வந்தவர்களிற் பெரும்பாலானோர் ஆண்களே. கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பியோர் பலர். குழந்தைகள் தமிழகக் கிராமத்திலேயே, பாட்டியரினதும் உறவினரினதும் நடுவில் வளர்ந்தனர். 1869இல் வெளிப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது. அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்குப் பருவமில்லை. ஆண்டு முழுவதும், சில நாட்களுக்கொரு முறை, அதே செடியிற் கொழுந்து எடுத்தாக வேண்டும். எனவே நிலையாகக் குடியிருக்கும் தொழிலாளரும், சிறப்பாகப் பெண்களும், தேவைப்பட்டனர். குடும்பம் லயத்துக்கு வந்தது இக்காரணத்தாலேயே. குடும்பம் உழைப்பாளரைத் தேடிக்கொண்டது என்பதைவிட, உழைப்பின் தேவை குடும்பத்தைக் கொணர்ந்தது என்பதே சரி. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் ஆண், பெண், சிறுவர் என மூன்று கூலி வகைகள் வகுக்கப்பட்டமை இதனைத் தெளிவாக உணர்த்தும். சட்டத்தின் பார்வையிலேயே குழந்தை ஒரு வருங்காலத் தொழிலாளி. சில வேளைகளில் நிகழ்காலத் தொழிலாளியுங்கூட. தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி அளிக்கும் கடமையை 1907ஆம் ஆண்டின் சட்டம் தோட்ட நிருவாகத்தின் மேல் சுமத்தியிருந்தபோதிலும், பல இடங்களில் அது ஓர் ஆசிரியரும் ஒரு கொட்டகையும் என்ற அளவிலேயே நின்றது.

விடியுமுன் தப்பொலி எழும், பிரட்டுக் களத்திற் பேர் பதியப்படும், பிந்தினால் வேலையில்லை. இந்த ஒழுங்கினுள்ளேதான் தாய் தன் குழந்தையை எங்கே விடுவதென்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. வயது முதிர்ந்த ஒரு பெண்ணின் பொறுப்பில் விடுவதே தொடக்கத்தில் வழக்கம். இருபதாம் நூற்றாண்டில் அது பிள்ளைக்காம்பராவாக உருப்பெற்றது: ஓர் அறை, வரிசையாகக் கட்டப்பட்ட சேலைத் தொட்டில்கள், ஓர் ஆயாம்மா. தோட்டத்துக்கு அது ஒரு நலத்திட்டம் மட்டுமன்று. தாயின் இரு கைகளையும் கொழுந்துக்கென விடுவிக்கும் ஏற்பாடும் அதுவே. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் சட்டமும், பாலூட்டுவதற்கு நாளுக்கு இரண்டு இடைவேளை வழங்கிய அதன் பிற்காலத் திருத்தமும் வரவேற்கத்தக்கவை. எனினும், காப்பகம் உள்ள இடத்தில் இவ்விடைவேளை அரைமணி நேரம். தூரத்து மலையிலிருந்து இறங்கிப் பாலூட்டி மீண்டும் ஏறுபவளுக்கு அந்த அரைமணி எவ்வளவு என்பதை அச்சரிவுகளில் நடந்தோர் அறிவர்.

தமிழகத் தோட்டங்களிலும் நிலை பெரிதும் வேறன்று. 1951ஆம் ஆண்டின் இந்தியத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 50 பெண்கள் வேலைசெய்யும் தோட்டத்திற் காப்பகம் வேண்டுமென்றது. இஸ்ரேலியக் கிபுட்சுகளிற் குழந்தைகளைக் கூட்டாக வளர்த்தமை ஒரு கொள்கையின் பேரில் நிகழ்ந்தது. அக்கொள்கையைப் பெற்றோரே வகுத்தனர், பின்னர் அவர்களே கைவிட்டனர். மலையகப் பெற்றோரிடம் எவரும் கருத்துக் கேட்டதில்லை.

பிள்ளைக்காம்பராவுக்குப் புறம்பாகக் குழந்தையைத் தாங்கிய மற்றொரு தூண் அம்மாயியும் அப்பாயியும் ஆவர். அத்தூணை அசைத்தது அரசியல். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் பெரும்பான்மையான மலையகத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பங்கீடு எண்ணிக்கையைப் பார்த்தது, உறவைப் பார்க்கவில்லை. மகன் இங்கும் பெற்றோர் கடலுக்கு அப்பாலுமாகப் பிரிந்த வீடுகளிற் குழந்தைக்குக் கதை சொல்லவும் காய்ச்சலுக்குக் கைவைத்தியம் பார்க்கவும் இருந்தவர்களே இல்லாது போயினர். குடும்பச் சிதைவுக்கு ‘நவீனத்துவம்’ காரணமென எழுதுவோர் இதனையும் கணக்கிற் கொள்ள வேண்டும்.

தந்தை பற்றியும் ஒரு சொல். கவ்வாத்து, கான் வெட்டு போன்ற ஆண்களின் வேலைகள் பெரும்பாலும் கணக்குக்கு விடப்பட்டவை. முடித்ததும் வீடு திரும்பலாம். கொழுந்தெடுப்பவளோ மாலை நிறுவை முடியும்வரை மலையில் நிற்பாள். ஆயினும் சமையலும் குழந்தையும் அவளுக்கே காத்திருந்தன. 1984இல் நாட்கூலி இருபாலார்க்கும் சமமாக்கப்பட்ட பின்னரும் மனைவியின் சம்பளத்தைக் கணவன் பெற்றுச்செல்லும் வழக்கம் பல தோட்டங்களில் நீடித்தது. முற்போக்கு இயக்கங்கள் கூலிக்காகப் போராடின. தொட்டிலை யார் ஆட்டுவது என்பதை அவை ஒரு கோரிக்கையாகக் கருதியதாகத் தெரியவில்லை. இது நமது பக்கத்துக் குறை.

பிற்காலத்திற் பெண்கள் வீட்டுப் பணிக்கென மத்திய கிழக்குக்குச் செல்லத் தொடங்கியபோது பழைய வினா புதிய உருவில் எழுந்தது. 2013இல் இலங்கை அரசு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள தாய்மார் வெளிநாட்டு வேலைக்குச் செல்வதைத் தடுத்து, குடும்பப் பின்னணி அறிக்கையைக் கட்டாயமாக்கிற்று. மூத்த குழந்தைகள் உள்ளோர், அவர்களை யார் பராமரிப்பார் எனக் காட்ட வேண்டியிருந்தது. நூறாண்டுக்கு மேலாகத் தாயைத் தொட்டிலிலிருந்து அகற்றிக் கொழுந்துக்கு அனுப்பியபோது எழாத கவலை, அவள் தன் விருப்பில் வேறு வேலை தேடியபோது எழுந்தது. 2022இல் இவ்விதி தளர்த்தப்பட்டது. அது நடைமுறையிலிருந்த காலம் முழுவதும், வெளிநாடு செல்லும் தந்தையிடம் அத்தகைய அறிக்கை கேட்கப்படவில்லை.