காசு தந்தால் பொய்யையும் ஒலிபரப்பலாமா?

தேர்தல் வந்தால் இரண்டு பாட்டுக்கு நடுவில ஒரு கட்சி விளம்பரம் வரும். அதில் சொன்னது பச்சைப் பொய் என்றால்? "காசு தந்தாங்க, போட்டோம்" என்று நிலையம் கையை விரிக்கலாமா? எங்களுக்குள்ள அடிக்கடி வாக்குவாதமாகிற கேள்வி இது. கொஞ்சம் பின்னுக்குப் போய் வரலாற்றைப் பார்ப்போம்.

எங்கட கரையில் இருந்தே தொடங்கலாம். திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளி – குச்சவெளிப் பக்கத்தில், 1980களில் ஜேர்மனியின் டொயிச்ச வெல்ல வானொலி ஒரு அஞ்சல் நிலையம் அமைத்தது. 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. 1987 இலங்கை – இந்திய ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகம், எண்ணெய்க் குதங்கள் மட்டும் பேசப்படவில்லை. வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனங்களின் வசதிகள் இராணுவ, உளவுத் தேவைகளுக்குப் பயன்படக்கூடாது என்றும் எழுதப்பட்டது. அதாவது, அலைவரிசையை யாரும் எதற்கும் பாவிக்க ஏலாது என்பதை இரண்டு அரசுகளும் அப்பவே ஒத்துக்கொண்டன. ஆனால் அந்த ஒழுங்கு அரசுகளைப் பாதுகாக்கத்தான். கேட்டுக்கொண்டிருக்கிற சனத்தை யார் பாதுகாக்கிறது?

அதுக்கு ஐந்து வருசம் முன்னால், 1982 டிசம்பர் 22, சர்வசன வாக்கெடுப்பு. 1977இல் தெரிவான பாராளுமன்றத்தைத் தேர்தல் இல்லாமல் இன்னும் ஆறு வருசம் நீட்டலாமா என்பதே கேள்வி. ஆமென்றால் விளக்கு, இல்லையென்றால் குடம். 'நக்சலைட் சதி' ஒன்று இருக்கு, அதனாலதான் நீட்டிப்பு வேணும் என்று ஜே.ஆர். அரசாங்கம் சொன்னது. அந்தச் சதி எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை. நாட்டில் அவசரகாலச் சட்டம். வானொலியும், அந்த வருசம்தான் தொடங்கிய ரூபவாஹினியும் அரசின் கையில். மறுத்துப் பேச வேறு நிலையமே இல்லை. சுமார் 54 வீத வாக்கோடு விளக்கு வென்றது. அடுத்த பொதுத் தேர்தல் 1989இல்தான். ஒலிபரப்பு மட்டுமே இந்த முடிவைத் தந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் சொல்லப்பட்டதைச் சரிபார்க்க வழியில்லாத சனம், 1989 வரை ஒரு தேர்தலை இழந்தது.

பிறகு கொஞ்சம் வெளிச்சம் வந்தது. 1996இல், முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்றைக் கூட்டுத்தாபனம் இடைநடுவில் நிறுத்தியபோது, அதில் பங்கெடுத்து வந்த நேயர் ஒருவர் உயர் நீதிமன்றம் போய் வென்றார். நேயருக்கும் பேச்சுரிமை உண்டு என்றானது. 1997இல், அமைச்சரின் பிடிக்குள் இருக்கிற ஒலிபரப்பு அதிகாரசபை ஒன்றை அமைக்க வந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று அதே நீதிமன்றம் தீர்மானித்தது. அலைவரிசை பொதுச்சொத்து, அதை ஒழுங்குபடுத்துகிறது சுயாதீனமாக இருக்கவேணும் என்பதே அதன் சாரம்.

2001இல் வந்த 17ஆவது திருத்தம், தேர்தல் காலத்தில் ஊடகங்களுக்கு வழிகாட்டல் கொடுக்கவும், அரச ஊடகங்கள் மீறினால் தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரை நியமிக்கவும் இடம் தந்தது. கடதாசியில் நல்லாத்தான் இருக்கு. 2010 ஜனாதிபதித் தேர்தலில் ஆணையாளர் தயானந்த திசாநாயக்க அப்படி ஒருவரை நியமித்தார். அரச ஊடகங்கள் சொல்வழி கேட்கவில்லை. நியமனத்தை அவரே திருப்பி எடுக்க வேண்டியதாயிற்று.

மற்ற நாடுகள்? அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி வேட்பாளரின் விளம்பரத்தில் நிலையம் கை வைக்க ஏலாது. பொய்யென்றாலும் போடவேணும். பிரித்தானியாவில் தொலைக்காட்சி, வானொலியில் காசுக்கு அரசியல் விளம்பரமே இல்லை. கட்சிகளுக்கு இலவச நேரம் மட்டும். இந்தியாவில் 2004 உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, தொலைக்காட்சி அரசியல் விளம்பரத்துக்கு முன்கூட்டியே சான்றிதழ் எடுக்கவேணும்.

"சரி, எது பொய் என்று யார் தீர்மானிக்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான பயம்தான். 2024இல் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 'பொய்யான கூற்று' என்ற சொல்லை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று பத்திரிகையாளர்கள் கேட்டதும் இதைத்தான். அந்த அதிகாரத்தை அரசாங்கத்திடம் கொடுத்தால், 1982 வேறு உடுப்பில் திரும்பி வரும்.

அதனால எங்கட நிலைப்பாடு இது: நிலையம் மறுக்கவேணும், ஆனால் ஒடுக்கமான எல்லைக்குள்ள. வாக்குறுதியையும் கருத்தையும் தொடவேண்டாம். ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய கூற்று பொய்யென்றால் மட்டும் மறுக்கட்டும். விதியைத் தேர்தலுக்கு முன்னமே எழுதி வெளியிடட்டும். எல்லாக் கட்சிக்கும் ஒரே அளவுகோல். மறுத்த காரணத்தைப் பகிரங்கமாகச் சொல்லட்டும். முறையீட்டை அமைச்சு இல்லை, தேர்தல் ஆணைக்குழு கேட்கட்டும்.

குச்சவெளிப் பிரதேசத்தில் தமிழ், முஸ்லிம், சிங்களக் கிராமங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கு. "உங்கட காணியை அவங்களுக்கு எழுதிக் கொடுத்தாச்சு" என்று பிரசாரத்தின் கடைசி இரவில் ஒரு விளம்பரம் போனால், அடுத்த நாள் பதில் சொல்ல யாருக்கும் அனுமதி இல்லை. பிரசாரம் முடிஞ்சுது. தேர்தலும் முடியும். வென்றவர் கொழும்புக்குப் போயிடுவார். அந்தப் பொய்யோடு ஒரே சந்தைக்கும் ஒரே ஆஸ்பத்திரிக்கும் போய் வரவேண்டியது நாங்கள்தான்.