கை மட்டும் தெரிந்த படைப்பாளர்கள்



ஜொகூர் மாநிலத்தின் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த இப்பண்டார் தெங்காரா பழைய ஊர் அன்று. 1972ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கெஜோரா என்னும் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம் உருவாக்கிய புதுநகரங்களுள் இதுவும் ஒன்று. ஊர் தோன்றிய கதையைத் தம் சொந்த நினைவிலிருந்தே சொல்லக்கூடிய மூத்தோர் உள்ள இடம் இது. வரலாறு என்றால் கல்வெட்டும் செப்பேடும் என்று எண்ணிப் பழகிய நமக்கு இத்தகைய ஊர் ஒரு பாடம் கற்பிக்கிறது. சில வரலாறுகள் கல்லில் இல்லை; வாழ்வோர் நாவில் உள்ளன. கேட்டால் கிடைக்கும், கேளாவிடில் அவர்களோடு மறைந்துவிடும்.

இன்று நாம் ஆராயப் புகும் பொருள் அத்தகையதே. நம் இளமைக் கற்பனையை வளர்த்தவை மூன்று: படக்கதை, மாயக்கதை, பலகை ஆட்டம். இவற்றைப் படைத்தோரைக் கண்டு வினவி, அவர்தம் சொல்லைப் பதிவு செய்தல் வரலாற்றுப் பணியில் எத்துணை இன்றியமையாதது என்பதை எண்ணிப் பார்ப்போம். இவை சிறுபிள்ளைச் செய்திகள்தாமே என்று சிலர் ஒதுக்கலாம். அங்ஙனம் ஒதுக்கியதனாலேயே பலர் பெயர் மறைந்தது.

வினவுதல் தமிழ்ப் புலமைக்குப் புதிதன்று. உ.வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அந்நூலின் சமணக் கருத்துகள் விளங்காத இடங்களில் அவர் ஏட்டை மட்டும் நம்பியிருக்கவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களை நாடிச் சென்று கேட்டுத் தெளிந்தார். ஏடு சொல்லாததை ஆள் சொன்னார். பெருங்காப்பியத்திற்குப் பொருந்திய அம்முறை, பத்துக் காசுப் புத்தகத்திற்கும் பொருந்தும்.

முதலில் மாயக்கதையை எடுத்துக்கொள்வோம். 1947ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலிருந்து தெலுங்கில் ‘சந்தமாமா’வையும் தமிழில் ‘அம்புலிமாமா’வையும் தொடங்கினர். பின்னர் அவ்விதழ் இந்திய மொழிகள் பலவற்றில் பரவியது. மந்திரவாதிகளும் அரக்கர்களும் பாழடைந்த கோட்டைகளும் நிறைந்த நெடுந்தொடர்களைத் திங்கள்தோறும் காத்திருந்து படித்த தலைமுறைகள் உண்டு. அத்தொடர்களை எழுதியவர் யார்? இதழில் பெயர் இல்லை. 1954இல் தொடங்கிப் பன்னிரண்டு தொடர்களைத் தெலுங்கில் எழுதியவர் தாசரி சுப்ரமணியம் என்னும் உதவி ஆசிரியர். வாசகர் அவரை அறியார்; அவர் படைத்த வீரர்களை மட்டுமே அறிவர். பழைய இதழ்களைத் தேடித் தொகுத்த தெலுங்கு ஆர்வலர்கள் அவரைக் கண்டறிந்து, அப்படைப்புகளோடு அவர் பெயரைச் சேர்த்துப் பேசலாயினர். 2010ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். தேடல் இன்னும் சில ஆண்டுகள் தாழ்ந்திருந்தால், அவர் வாய்மொழியாக எதுவும் எஞ்சியிராது.

அதே இதழில் ஓவியருக்கு மட்டும் சிறு இடம் இருந்தது; படத்தின் ஓரத்தில் கையொப்பம் இடலாம். ‘சங்கர்’ என்று ஒப்பமிட்டவர் கே.சி. சிவசங்கரன். ஒரு கையில் வாளும் தோளில் பிணமுமாய்ச் சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தனின் உருவத்தை நம் மனத்தில் பதித்தவர் அவர். 1924இல் பிறந்து சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். 2020இல் மறையும்வரை நீண்ட வாழ்வு வாழ்ந்தவர். அந்நீண்ட வாழ்வே நமக்கு வாய்த்த பேறு. முதுமையில் தம்மைத் தேடி வந்தோரிடம் தம் கல்வியையும் தொழிலையும் பற்றி அவர் பேசினார். மறைந்தபின், 2021ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. விருது அவருக்குப் பின் வந்தது. வினா அவருக்கு முன்னரே வந்து சேர்ந்தது. வரலாற்றுக்கு உதவியது பின்னதே.

தமிழிலேயே சிறுவர்க்கு எழுதி வாழ்ந்த வாண்டுமாமாவையும் இங்கு நினைக்க வேண்டும். அவருடைய இயற்பெயர் வி. கிருஷ்ணமூர்த்தி, பெரியவர்களுக்கு எழுதியபோது ‘கௌசிகன்’. கோகுலம், பூந்தளிர் ஆகிய இதழ்களோடு அவர் பெயர் பிணைந்தது. ஒரே கை இரண்டு பெயரில் எழுதியது என்பதை அடுத்த தலைமுறை எங்ஙனம் அறியும்? எழுதியவர் சொல்ல வேண்டும். உடனிருந்தோர் சொல்ல வேண்டும். அவர் 2014இல் மறைந்தார்.

இனிப் படக்கதை. 1972ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. அதன் நாயகன் ஆய்வுக்கூட விபத்தில் ஒரு கையை இழந்து, இரும்பாலான கையைப் பொருத்திக்கொண்டவன். அவன் உடலில் மின்சாரம் பாய்ந்தால் உருவம் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் வெட்டவெளியில் மிதக்கும். தமிழ்ச் சிறுவர் பலர் அவனைத் தம் ஊர்க்காரனாகவே கருதினர்.

உண்மையில் அவன் பிரித்தானியாவின் ‘வேலியண்ட்’ இதழில் 1962இல் பிறந்தவன். அவனை வரைந்த கை, பார்சலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானிய ஓவியருடையது. தொடக்கக் கதைகளை எழுதியவர் கென்னத் புல்மர். பின்னர் நெடுங்காலம் எழுதியவர் டாம் டுல்லி. ஆனால் அக்காலப் பிரித்தானியச் சிறுவர் படக்கதை இதழ்கள் படைப்பாளர் பெயரை அச்சிடும் வழக்கம் உடையவை அல்ல. 1977இல் தொடங்கிய ‘2000 ஏ.டி.’ என்னும் இதழே அவ்வழக்கத்தை மாற்ற முன்வந்தது. எனவே இலண்டனில் படித்த சிறுவனுக்கும் பிளாஸ்கோ யாரென்று தெரியாது. சிவகாசி நூலைப் படித்த சிறுவனுக்கும் தெரியாது. மாயாவியின் கதையே அவனைப் படைத்தோரின் கதையாகவும் ஆயிற்று: கை தெரிந்தது, ஆள் தெரியவில்லை.

மறைந்த ஆள் இன்னும் ஒருவர் உண்டு. ஆங்கில உரையாடலைத் தமிழாக்கியவர், பேச்சுக் குமிழின் சிற்றிடத்துக்குள் நீண்ட தமிழ்ச் சொற்களை எவ்வாறு அடக்கினார்? எதைச் சுருக்கினார், எதை விட்டார்? ஒரு வெளிநாட்டுக் கதைமாந்தன் தமிழில் பேசும்போது எந்த நடையைத் தேர்ந்தார்? 1984இல் சிவகாசியிலிருந்தே லயன் காமிக்ஸும் தோன்றியது. மொழிபெயர்ப்பு வரலாற்றில் இவ்வச்சகங்களுக்கு ஓர் இயல் உரியது. அவ்வியலை எழுத நூலகம் மட்டும் போதாது. அங்கே மேசைமுன் அமர்ந்து பணிசெய்தோரைக் கண்டு கேட்க வேண்டும்.

கேட்பதனால் என்ன விளையும் என்பதற்குப் பலகை ஆட்ட உலகிலிருந்து ஒரு சான்று காட்டுவோம். மலேசியப் பிள்ளைகள் ‘சைடினா’ என்று ஆடும் ஆட்டத்தை அறிவீர்கள்; நிலம் வாங்கி, வீடு கட்டி, வாடகை பெறும் ஆட்டம். அதற்கு முன்னோடி ‘மோனோபோலி’. வேலையிழந்த சார்லஸ் டாரோ என்பவர் 1930களில் தனியே கண்டுபிடித்தது என்பதே அவ்வாட்டத்தைப் பற்றி நெடுங்காலம் வழங்கிய கதை. ஆனால் அதன் வேர், எலிசபெத் மேகி என்னும் அமெரிக்கப் பெண்மணி 1904இல் காப்புரிமை பெற்ற ‘நிலவுடைமையாளர் ஆட்டம்’. நிலம் சிலர் கையில் குவிவதன் தீங்கை விளக்கவே அவர் அதைப் படைத்தார். மக்கள் அதைத் துணியிலும் பலகையிலும் கையால் வரைந்து, தம் ஊர்த் தெருப் பெயர்களை இட்டு ஆடி வந்தனர். டாரோவுக்குக் கிடைத்தது அவ்வழி வந்த ஒரு படி.

இவ்வுண்மை எப்படி வெளிப்பட்டது? 1970களில் ரால்ப் ஆன்ஸ்பாக் என்னும் பொருளியல் பேராசிரியர் அந்நிறுவனத்தோடு வழக்காட நேர்ந்தது. டாரோவுக்கு முன்னரே அவ்வாட்டத்தை ஆடிய முதியோரை அவர் ஊர் ஊராகத் தேடி, அவர்தம் சாட்சியத்தைப் பெற்றார். அவருள் ஒருவர் டாரோவுக்கு ஆட்டத்தை அறிமுகம் செய்த சார்லஸ் டாட். டாட் தம் பலகையில் ‘மார்வென்’ என்னும் இடப்பெயரை ‘மார்வின்’ என்று பிழையாக எழுதியிருந்தார். டாரோவின் பலகையிலும் அதே பிழை! ஏட்டுச்சுவடிகளை ஒப்பிடுவோர், ஒரே பிழை இரு சுவடியில் காணப்பட்டால் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது என்று ஊகிப்பர். அதே நெறி இங்கும் உதவிற்று. ஆயினும் மேகி அம்மையார் 1948இலேயே மறைந்துவிட்டார். 1936இல் வாசிங்டன் செய்தித்தாள்களுக்கு அவர் அளித்த நேர்காணல்களே அவர் குரலாய் எஞ்சின.

நேர்காணல் என்பதாலேயே எல்லாம் மெய் என்று கொள்ளலும் பிழை. 1974இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசையாட்டத்தில், ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை ஏற்று, பகடை உருட்டி, கூட்டாக ஒரு மாயக்கதையை வளர்ப்பர். அதைப் படைத்தோர் கேரி கைகாக்சு, டேவ் ஆர்னிசன் ஆகிய இருவர். யாருக்கு எவ்வளவு உரிமை என்ற பூசல் 1979இல் நீதிமன்றம் சென்று 1981இல் உடன்பாட்டில் முடிந்தது. இருவரும் உயிரோடிருந்தும் இருவர் நினைவும் ஒத்துவரவில்லை. ஜான் பீட்டர்சன் 2012இல் அவ்வாட்டத்தின் வரலாற்றை எழுதியபோது, அக்காலக் கடிதங்களையும் ஆர்வலர் இதழ்களையும் பெரிதும் சார்ந்தார். நினைவு சான்றே, ஆனால் அதுவே தீர்ப்பாகாது.

இனி நம் வீட்டு முற்றத்திற்கு வருவோம். பல்லாங்குழியைப் படைத்தவர் பெயர் எவர்க்கும் தெரியாது. மலாய் மக்களின் சொங்காக் அதன் உறவாட்டம். குழிகளில் வித்துகளை ஒவ்வொன்றாய் இட்டுச் செல்லும் முறை இரண்டிற்கும் பொது. சொங்காக்கில் இரு முனைகளிலும் சேமிப்புக் குழி உண்டு; பதினான்கு குழிப் பல்லாங்குழியில் அது இல்லாமலும் ஆடுவர். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று எடுத்துக்கொள்வதும் நம்மவர் ஆட்டத்தில் உண்டு. இத்தகைய ஆட்டங்களில் ஆடுவோரே படைப்போர். ஒவ்வொரு தலைமுறையும் விதியைச் சற்றே மாற்றித் தருகிறது.

ஆகவே இம்மண்ணில் வினவத்தக்கோர் நம் பாட்டிமாரே. தோட்டத்து லயத்தில் பல்லாங்குழி ஆடினார்களா? பலகை வாங்கியதா, செதுக்கியதா, தரையில் தோண்டியதா? புளியங்கொட்டைக்கு மாற்றாக ரப்பர் விதையைக் கொண்டார்களா? பக்கத்து மலாய்க்காரப் பெண்களோடு ஆடியதுண்டா? ஆடினால், யார் விதி வென்றது? இவ்வினாக்களுக்கு விடை எந்த நூலகத்திலும் இல்லை. ஆனால் இவ்வூரிலும் சுற்றுத் தோட்டங்களிலும் ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில் இருக்கக்கூடும்.

இப்பணியில் இறங்கும் மாணவர் சில நெறிகளைக் கைக்கொள்ள வேண்டும். படைப்பாளரைக் காணுமுன் அவர் படைப்பைப் படித்திருத்தல் முதல் நெறி, படிக்காமல் சென்று “என்ன எழுதினீர்கள்?” என்று கேட்டல் அவமதிப்பு. இரண்டாவது, கருத்தைக் காட்டிலும் செய்தியைக் கேட்டல். “உங்கள் கலைக் கொள்கை என்ன?” என்ற வினாவுக்கு யாரும் ஒரு சொற்பொழிவு ஆற்றிவிடுவர். “எந்த மையில் வரைந்தீர்கள்? ஒரு பக்கத்திற்கு எத்தனை நாள்? என்ன கூலி? யார் திருத்தினார்?” என்று கேட்டால் வாழ்க்கையே வெளிவரும். மூன்றாவது, பழைய இதழையோ ஆட்டப் பலகையையோ அவர் கையில் கொடுத்தல். பொருளைத் தொட்டவுடன் நினைவு திரும்பும். நான்காவது, அவர் பேச்சை அவர் வழக்கிலேயே எழுதுதல். தோட்டத்துச் சொல்லை நூல்வழக்காகத் திருத்தினால் சான்றின் பாதி அழியும். ஐந்தாவது, சொன்ன ஆண்டை அச்சிட்ட சான்றோடு ஒப்பிடுதல். இறுதியாக, அவர் இசைவு பெற்றே பதிவை வெளியிடுதலும், ஒரு படியை அவர் குடும்பத்திற்கும் ஒரு படியைப் பள்ளி நூலகத்திற்கும் அளித்தலும்.

ஆசிரியர்கள் இதை ஒரு பருவத்தின் பயிற்சியாக எளிதில் அமைக்கலாம். வகுப்பில் இருபது மாணவர் இருந்தால் இருபது வினாப்பட்டியல், இருபது குரல். எழுத்துப் பயிற்சியும், கேட்டல் பயிற்சியும், வரலாற்றுப் பயிற்சியும் ஒருங்கே அமையும். இருபதில் பதினெட்டுப் பதிவு எளியதாகவே இருக்கலாம். எஞ்சிய இரண்டில் யாரும் எழுதாத ஓர் ஆட்ட விதியோ, யாரும் அறியாத ஒரு கதைசொல்லியின் பெயரோ கிடைத்துவிட்டால் அவ்வாண்டு வீண்போகவில்லை.

இரும்புக்கை மாயாவியைப் படித்த சிறுவன் ஒவ்வொரு கதையிலும் காத்திருந்தது ஒரு நொடிக்காக: மின்னோட்டத்தின் வேகம் தணிந்து, மறைந்த மனிதன் சிறிது சிறிதாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் நொடி. நம் படைப்பாளர்களுக்கு அந்நொடி தானாக வருவதில்லை. ஒருவர் சென்று கதவைத் தட்டி, எதிரே அமர்ந்து, “ஐயா, இதைச் செய்தவர் நீங்கள்தாமே?” என்று கேட்கும்போதே வருகிறது. கேட்க வேண்டியவர்கள் நாம். விடை சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.