காற்றுப் படாத இடத்தில் இறுகும் பசை

இலங்கையின் வடக்கே அக்கராயன் பக்கமாக உள்ள ஸ்கந்தபுரம் நெல்லை நம்பி வாழும் ஊர். 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகரம் போரில் இராணுவத்திடம் போனபோது, இடம்பெயர்ந்தவர்களால் இந்த ஊரும் அக்கராயனும் மல்லாவியும் நிரம்பின. பெற்றோலும் பற்றரியும் சீமெந்தும் தடைப்பட்டிருந்த காலம் அது. உழவு இயந்திரம் ஒன்று பழுதாகி நின்றால், அதை நம்பியிருந்த குடும்பமும் நின்றுவிடும்.

இயந்திரம் நிற்பதற்குப் பெரிய பழுது தேவையில்லை, ஒரு நட் கழன்றாலே போதும். போல்ட்டின் புரிகளுக்கும் நட்டின் புரிகளுக்கும் இடையே மெல்லிய இடைவெளி உண்டு. பக்கவாட்டில் அதிர்வு வரும்போது புரிகள் வழுக்கி, நட் தானாகவே சுழல்கிறது. ஜேர்மன் பொறியியலாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் இதைப் பரிசோதித்துக் காட்டினார். ஸ்பிரிங் வாஷர், இரட்டை நட் என்று பழைய வழிகள் பல இருந்தாலும், இடைவெளி அப்படியே இருந்தது.

இந்த இடைவெளியை நிரப்பும் திரவம் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுகூடத்தில் பிறந்தது. அது மெதக்ரிலேற்று வகை. காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவமாகவே இருக்கும். ஒட்சிசன் இல்லாவிட்டால் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு கல்லாக இறுகிவிடும். கெடாமல் வைத்திருக்க ஓயாமல் காற்றை ஊதவேண்டியிருந்ததால், அதைக் கடையில் விற்க வழியில்லை.

ஹார்ட்போர்ட் நகரின் டிரினிட்டி கல்லூரி இரசாயனப் பேராசிரியர் வேர்னன் கிரீபிள், ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை செய்த தன் மகன் மூலம் இதை அறிந்தார். 1953இல் அவர் உருவாக்கிய கலவைக்குக் காற்று ஊதத் தேவையில்லை. காற்று ஊடுருவும் பொலித்தீன் போத்தலில் அது திரவமாகவே கிடந்தது. புரிகளுக்கிடையே போனதும் காற்று அற்றுப்போகும், இரும்பு அயன்கள் வினையைத் தூண்டும், பசை இறுகும். 1956இல் லொக்டைட் என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் குறையாகக் கண்ட இயல்பையே கிரீபிள் பயனாக்கிக்கொண்டார். இந்த வரலாற்றின் உச்சம் இதுவே.

உலோகத் தகடுகளை ஒட்டும் பசையின் கதை வேறு. அங்கே முதன்மையானது மீதைல் மெதக்ரிலேற்று. அது விரைவில் இறுகும், ஆனால் இறுகியபின் கண்ணாடிபோல நொறுங்கும். 1970களில் டுபொண்ட் ஆய்வாளர்கள் குளோரோசல்போனேற்றப்பட்ட பொலித்தீன் என்னும் இறப்பரை அதில் கரைத்து, அடி தாங்கும் பசையாக்கினார்கள். எண்ணெய் சற்றுப் பட்ட உலோகத்திலும் அது பிடித்தது. இன்று படகுகளிலும் பஸ் உடல்களிலும் உள்ள பசைகளில் பல இந்த வழியில் வந்தவை.

அதன்பின் நடந்த முன்னேற்றம் மொனோமரை, அதாவது சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும் சிறு மூலக்கூறை, மாற்றி மாற்றிக் கிடைத்தது. மெதக்ரிலிக் அமிலம் சேர்த்தால் உலோகத்தில் பிடிப்புக் கூடும். ஐசோபோர்னைல் மெதக்ரிலேற்று வெப்பம் தாங்கும் தன்மை தரும். நீண்ட வாலுடைய லோரைல் மெதக்ரிலேற்று நெகிழ்ச்சி தரும். மீதைல் வகை இறுகும்போது கனவளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும், நெடியும் கடுமையானது. பெரிய மூலக்கூறுகள் குறைவாகச் சுருங்கும், நெடியும் குறைவு.

நெடி குறைந்ததால் ஆபத்தும் குறைந்ததென்று எண்ணக்கூடாது. நெடி குறைந்த ஹைட்ரொக்சிஎதைல் மெதக்ரிலேற்றும் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு சிறு துளி பட்டாலும் தோல் அரிக்கும். மெல்லிய இறப்பர்க் கையுறைகளை இந்த மொனோமர்கள் சில நிமிடங்களில் ஊடுருவிவிடுவதால், கையுறை போட்டும் கை கெட்டவர்கள் உண்டு.