காரோடு விற்றுப்போன சாவி



மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம், டெட்ராய்ட் பக்கத்தில் டிராய் என்று ஒரு ஊர். "சார், அங்கே பார்த்ததை எழுதுங்க" என்று பலர் கேட்டிருந்தீர்கள். நயாகராவைப் பற்றி எழுதலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் என்னை எழுத உட்கார வைத்தது ஒரு கார் ஷெட் கதவு. சரித்திர வாத்தியாருக்குக் கதவில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் வீட்டுப்பாடமும் உண்டு.

இங்கே வீட்டோடு ஒட்டியே காருக்கு ஓர் அறை இருக்கிறது. கராஜ் என்கிறார்கள். அதன் கதவு மோட்டார் வைத்து மேலே ஏறும். காரின் உள்கண்ணாடியிலோ, ஓட்டுபவர் தலைக்கு மேலோ மூன்று சிறு பொத்தான்கள் இருக்கும். ஒன்றை அழுத்தினால் கதவு திறக்கும். பனிக்காலத்தில் காரை விட்டு இறங்காமலே வீட்டுக்குள் போய்விடலாம்.

மாப்பிள்ளை தன் பழைய காரைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்கு விற்றார். நான்கு நாள் கழித்து ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்க அந்த மனிதர் அதே காரில் வந்தார். வாசலில் காத்திருந்தபோது, இது என்ன பொத்தான் என்று அழுத்திப் பார்த்திருக்கிறார். எங்கள் கராஜ் கதவு மெதுவாக மேலே ஏறியது. உள்ளே என் பேரன் தனியாக மூன்று சக்கர சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான். கராஜிலிருந்து சமையலறைக்குப் போகும் கதவை இவர்கள் பூட்டுவதே இல்லை.

அவர் நல்ல மனிதர். எங்களைவிட அவர்தான் அதிகம் பதறிப்போனார். எல்லோரும் சிரித்துப் பேசி அனுப்பிவைத்தோம். ஆனால் மாப்பிள்ளைக்கு வாரத்தில் மூன்று நாள் இரவு வேலை. அன்று சாப்பிட உட்கார்ந்தவர், "மாமா, நாலு நாளா நம்ம வீட்டுச் சாவி இன்னொருத்தர் கையில இருந்திருக்கு. நமக்குத் தெரியவே இல்லை" என்றார். என் மகள் பதிலே பேசவில்லை.

உடனே புதிதாக வாங்கிய காரின் பொத்தானுக்குக் கதவைப் பழக்க முயன்றார். புதுக்கார் வந்தால் பழைய காரின் உரிமை தானாகப் போய்விடும் என்பது அவர் எண்ணம். கை ரிமோட்டைக் கண்ணாடிக்கு அருகில் பிடித்து இரண்டு பொத்தான்களையும் அழுத்துவார். காரின் சிறு விளக்கு வேகமாகச் சிமிட்டும். "ஆச்சு மாமா" என்பார். கதவு அசையாது. இரண்டு மாலை இப்படியே போயின. இங்கே வெளியே மைனஸ் பன்னிரண்டு டிகிரி.

எனக்கு எந்தச் சிக்கல் வந்தாலும் அது எப்படி ஆரம்பித்தது என்று தேடத்தான் தெரியும். தேடினேன். கதை இந்த மாநிலத்திலேயே தொடங்கி, இந்த மாநிலத்துக்கே திரும்பி வருகிறது.

1921-இல் டெட்ராய்ட்டில் சி. ஜி. ஜான்சன் என்பவர் மேலே தூக்கித் திறக்கும் கதவை உருவாக்கினார். அதற்கு முன் மாட்டுத் தொழுவம் போல இரண்டு பக்கமும் திறக்கும் கதவுகள். வாசலில் பனி குவிந்தால் அவற்றைத் திறக்க முடியாது. ஜான்சன் தன் கதவின் சிறு மாதிரியை ஃபோர்டு மாடல் டி காரின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்பனையாளர்களைப் பிடித்தார். 1926-இல் அதற்கு மின்மோட்டாரும் வந்தது. பாரம் தூக்க முடியாதவர்களுக்காகச் செய்தது அது. அன்றைக்குத் திறப்பது யார் என்ற கேள்வி எழவில்லை, ஏனென்றால் சுவிட்ச் வீட்டுச் சுவரில்தான் இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வானொலி அலையில் இயங்கும் ரிமோட்டுகள் பரவின. வேடிக்கை அங்கேதான் ஆரம்பம். ரிமோட் ஓர் அலையை அனுப்பும், கதவு திறக்கும், அவ்வளவுதான். யார் அனுப்பியது என்று கதவு கேட்காது. பக்கத்து வீட்டிலும் அதே அலைவரிசை ரிமோட் இருந்தால் ஒருவர் அழுத்த இரண்டு வீடு திறக்கும்.

இதற்குத் தீர்வாக ரிமோட்டுக்குள்ளும் மோட்டாருக்குள்ளும் வரிசையாகச் சிறு சுவிட்சுகளை வைத்தார்கள். ஒவ்வொன்றும் மேலே அல்லது கீழே. இரண்டு பக்கமும் ஒரே வரிசை இருந்தால்தான் கதவு திறக்கும். நம் பள்ளியில் தமிழ் இலக்கணம் ஒழுங்காகப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. அசை இரண்டு, நேரும் நிரையும். ஈரசைச் சீர் நான்கு, மூவசைச் சீர் எட்டு, நாலசைச் சீர் பதினாறு. ஓர் அசை கூடும்போதெல்லாம் எண்ணிக்கை இரட்டிக்கும். அதே கணக்கில் எட்டு சுவிட்சுக்கு 256 வரிசை, பன்னிரண்டு சுவிட்சுக்கு 4,096 வரிசை.

4,096 என்பது நமக்குப் பெரிய எண். இயந்திரத்துக்கு ஒன்றுமே இல்லை. 2015-இல் சாமி கம்கார் என்ற ஆய்வாளர், சிறுமிகள் செய்தி அனுப்பி விளையாடும் ஒரு பழைய பொம்மையை மாற்றியமைத்து, அந்த வகைக் கதவுகளைப் பத்து நொடிக்குள் திறக்க முடியும் என்று காட்டினார். கருவிக்கு அவர் வைத்த பெயர் ஓப்பன்செசமி. அலிபாபா கதைதான். குகையின் மந்திரச் சொல் ஒருநாளும் மாறவில்லை. மறைந்து நின்று ஒருமுறை கேட்டவனுக்கும் அந்தக் குகை திறந்தது.

திருடர்களுக்கு இது அதற்கு முன்பே தெரியும். தெருவில் காரை நிறுத்தி, வீட்டுக்காரர் ரிமோட் அழுத்தும்போது அந்த அலையைப் பதிவு செய்துகொள்ளும் கருவிகள் வந்திருந்தன. அதனால் 1990-களின் நடுவில் பெரிய நிறுவனங்கள் மாறும் குறியீட்டுக்குப் போயின. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் மந்திரச் சொல் மாறும். உங்கள் வங்கி அனுப்பும் ஓடிபி போல, ஒருமுறை பயன்பட்ட எண் மறுமுறை செல்லாது. அடுத்த எண் எது என்பது அந்த ரிமோட்டுக்கும் மோட்டாருக்கும் மட்டும் தெரிந்த ரகசியக் கணக்கு. ஆகவே ஒரு புதிய ரிமோட் வேண்டுமானால் மோட்டார் முதலில் அதை அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காக மோட்டாரிலேயே ஒரு பொத்தான் வைத்தார்கள். அதற்குப் பெயர் 'லேர்ன்', அதாவது கற்றுக்கொள்.

காருக்குள் பொத்தான் வந்த கதை தனி. இதே மிச்சிகனில் ஹாலந்து என்ற ஊரில் பிரின்ஸ் என்ற நிறுவனம் இருந்தது. கார்களில் வெயில் மறைப்பானைக் கீழே இழுத்தால் விளக்கோடு கண்ணாடி தெரியுமே, அதைக் கார்களுக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்கள். அந்த இடத்திலேயே ரிமோட்டையும் பொருத்தி ஹோம்லிங்க் என்று பெயர் வைத்தார்கள். 1996-இல் அது ஜான்சன் கன்ட்ரோல்ஸ் கைக்குப் போனது. 2013-இல் ஹாலந்துக்குப் பக்கத்து ஊரான ஜீலண்டில் உள்ள ஜென்டெக்ஸ், சுமார் 70 கோடி டாலருக்கு வாங்கியது. மூன்று பொத்தானுக்கு அவ்வளவு விலை!

இதைப் படித்த பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. மாப்பிள்ளை செய்தது பழைய காலத்துக் கதவுக்கு உரிய முறை. மாறாத குறியீடு என்றால் ரிமோட்டிலிருந்து காருக்குச் சொல்லிக்கொடுத்தாலே போதும். எங்கள் மோட்டாரின் ஒட்டுத்தாளில் 2008 என்று இருந்தது. மாறும் குறியீட்டுக் காலம். விளக்கு வேகமாகச் சிமிட்டியது 'முடிந்தது' என்று சொல்ல அல்ல. பாதிதான் முடிந்தது, மீதி மோட்டாரிடம் இருக்கிறது என்பதே அதன் பொருள். கார் பாடத்தைப் படித்துவிட்டது. மோட்டாரின் வருகைப் பதிவேட்டில் மட்டும் அதன் பெயர் ஏறவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. புதுக்காரைச் சேர்ப்பதால் பழைய கார் நீங்காது. பதிவேட்டில் யாராவது பெயரை அடிக்கும்வரை அது இருக்கும். அதாவது விற்ற காரால் எங்கள் கதவை இன்னும் திறக்க முடியும்.

மூன்றாம் நாள் ஏணி போட்டோம். மாப்பிள்ளை ஏற, நான் பிடித்துக்கொண்டேன். லேர்ன் பொத்தானை விளக்கு அணையும்வரை அழுத்திப் பிடித்து, பதிந்திருந்த எல்லாவற்றையும் அழித்தார். முதலில் கை ரிமோட்டுகளைப் பதிந்தோம். பிறகு லேர்ன் பொத்தானை ஒருமுறை தட்டிவிட்டு அவர் குரல் கொடுக்க, காரில் உட்கார்ந்திருந்த மகள் பொத்தானை மூன்று முறை அழுத்தினாள். கதவு ஏறியது. பேரன் கைதட்டினான்.

மூடப் போனால் கதவு பாதி இறங்கி மறுபடி மேலே போனது. பனி தள்ளும் மண்வெட்டியைக் கதவோரம் சாய்த்து வைத்திருந்தது காரணம். கதவின் இரு பக்கமும் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் இரண்டு மின்கண்கள் இருக்கின்றன. நடுவில் எது வந்தாலும் கதவு இறங்காது. இதை வெறும் தொல்லை என்று நினைக்காதீர்கள். இறங்கும் கதவில் சிக்கிக் குழந்தைகள் இறந்ததால் 1990-இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. 1993 ஜனவரி 1 முதல் செய்யப்படும் மோட்டார்கள் எல்லாவற்றுக்கும் இத்தகைய பாதுகாப்பு கட்டாயம். பேரன் ஓடித் திரியும் வீட்டில் அந்த இரண்டு சிறு கண்களையும் நின்று பார்த்தேன். யார் பெற்ற பிள்ளைகளோ. அவர்கள் போனதால் இவன் பத்திரமாக இருக்கிறான்.

இனி வீட்டுப்பாடம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு:

1. காரை விற்கும் முன் கண்ணாடியில் உள்ள இரண்டு ஓரப் பொத்தான்களையும் சேர்த்து, விளக்கு வேகமாகச் சிமிட்டும்வரை பிடித்து அழியுங்கள். பல கார்களில் பத்து முதல் இருபது நொடி ஆகும்.

2. பழைய கார் வாங்கினாலும் முதல் வேலை இதுவே. அடுத்தவர் வீட்டுச் சாவி நமக்கு எதற்கு?

3. விற்ற பிறகு நினைவு வந்தால் மோட்டாரில் உள்ள லேர்ன் பொத்தானைப் பிடித்து எல்லாவற்றையும் அழித்து, உங்களுடையதை மட்டும் மறுபடி பதியுங்கள். குடிபோன வீட்டிலும் இதைச் செய்யுங்கள்.

4. கார் கற்றுக்கொள்ளவே இல்லை என்றால் முதலில் கை ரிமோட்டின் பேட்டரியை மாற்றுங்கள். கனடாவில் ரிமோட் சில நொடியில் தானாக நின்றுவிடும். அங்கே கார் பொத்தானை விடாமல் பிடித்துக்கொண்டு ரிமோட்டை விட்டுவிட்டு அழுத்த வேண்டும்.

5. அருகில் வந்தால் மட்டும் கதவு திறந்தால் மோட்டாரில் உள்ள எல்இடி பல்பைக் கழற்றிப் பாருங்கள். சில பல்புகள் அலையைக் கெடுக்கும். 2004, 2005-இல் ராணுவத் தளங்களின் புதிய வானொலி அலை குறுக்கிட்டு ஊர் முழுக்கக் கதவுகள் திறக்காமல் போனதும் உண்டு.

6. பழைய காரும் மிகப் புதிய மோட்டாரும் என்றால் சில சமயம் இரண்டுக்கும் மொழியே ஒத்துவராது. நடுவில் ஒரு சிறு இணைப்புப் பெட்டி வைக்க வேண்டிவரும்.

ஊரில் இருப்பவர்களுக்கும் பாடம் உண்டு. காரை விற்கும்போது நாம் ஆயுத பூஜைப் பொட்டைத் துடைக்கிறோம், டேஷ்போர்டு பிள்ளையாரை மறக்காமல் எடுத்துக்கொள்கிறோம். காரில் ஏறியிருக்கும் நம் போன் நம்பர்களையும், 'வீடு' என்று வரைபடத்தில் குறித்த முகவரியையும் அப்படியே கொடுத்துவிடுகிறோம். அதையும் அழியுங்கள்.

நேற்று மாப்பிள்ளை இரவு வேலைக்குக் கிளம்பும்போது, "மாமா, இன்னிக்கு நிம்மதியாப் போறேன்" என்றார். முப்பத்துநான்கு வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். "இதைப் படிச்சு என்ன சார் ஆகப்போகுது" என்று கடைசி பெஞ்சிலிருந்து கேட்டவர்கள் இந்தப் பதிவையும் படிப்பீர்கள் என்று தெரியும். பதில் தர நாளாகிவிட்டது, மன்னிக்கவும்.

சமையலறைக் கதவை இப்போது இரவில் பூட்டுகிறோம்.

அன்புடன்,
உங்கள் வரலாறு சார்