சிம் மாறினால் ஊர் மாறும்

அம்மையார்குப்பம் நெசவாளர்களின் ஊர். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் எல்லைப்புறம். சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி வட்டாரம், ம.பொ.சி. முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கரின் பரிந்துரைக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்த கதையை வாசகர்கள் அறிவார்கள். அந்தக் கோட்டின் மீதே சுமார் 35 ஆண்டுகள் கழித்து இன்னொரு கோடு விழுந்தது. அதைப் பற்றி நாம் அதிகம் எழுதிவைக்கவில்லை.

1990களின் நடுவில் செல்பேசி உரிமங்கள் வட்டம் வட்டமாகப் பிரித்து வழங்கப்பட்டன. தமிழ்நாடு ஒரு வட்டம், ஆந்திரம் வேறொரு வட்டம். இந்தப் பக்கம் வாங்கிய சிம், நகரியில் கால்வைத்ததும் விருந்தாளியாகிவிடும். விருந்தாளிக்கு வரும் அழைப்புக்கும் காசு. எல்லையோரத்தில் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே அடுத்த மாநிலத்துக் கோபுரத்தின் பிடியில் விழுந்து 'ரோமிங்'கில் பணம் இழந்தவர்களும் உண்டு. ஆகவே இரண்டு சிம் வைத்துக்கொண்டு, பேருந்திலேயே நகத்தால் மூடியைத் திறந்து மாற்றிப் போடும் வித்தை அங்கே பழகிப்போனது. கடல் கடந்து சென்ற தமிழர்கள் பின்னர் செய்ததும் இதே வித்தைதான்.

இந்த வித்தைக்கு இடங்கொடுத்தது ஓர் ஐரோப்பிய ஏற்பாடு. 1987 செப்டம்பரில் கோபன்ஹேகனில் 13 நாடுகளைச் சேர்ந்த தொலைபேசி அமைப்புகள் ஒரே செல்பேசி முறைக்கு உடன்பட்டன. அதுவே ஜி.எஸ்.எம். அம்முறையில் ஆளுக்கு ஓர் எண், கருவிக்கு ஓர் எண் என்று பிரித்துவைத்தார்கள். இரண்டும் 15 இலக்கம். ஆளைக் குறிக்கும் எண் சிம் அட்டையில் இருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைச் சொல்லும். இந்தியாவுக்கு 404, 405, சிங்கப்பூருக்கு 525, அமீரகத்துக்கு 424. மூனிக்கைச் சேர்ந்த கீசெக்கே - டெவ்ரியென்ட் நிறுவனம் 1991இல் முதல் 300 சிம் அட்டைகளைப் பின்லாந்தின் ரேடியோலின்யாவுக்கு விற்றது. அன்றைய சிம், வங்கி அட்டையின் அளவு. பயணி அட்டையை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார், போகும் ஊரில் வாடகைக் காரில் உள்ள தொலைபேசியில் செருகிப் பேசுவார் என்பது அதை வடிவமைத்தவர்களின் கற்பனைகளுள் ஒன்று. அட்டை பயணம் செய்யும். கருவி அங்கேயே காத்திருக்கும்.

நம்மவர்கள் இதைத் தலைகீழாக்கினார்கள். கருவி பயணம் செய்தது. அட்டை அங்கே வாங்கப்பட்டது. காரணம் எளிது. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனவரிடம் இருந்த விலையுயர்ந்த பொருள் அந்தப் பழைய செல்பேசிதான். ஊர் எண்ணை அங்கே ரோமிங்கில் ஓட்டினால் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு போய்விடும். உள்ளூர் முன்பணச் சிம் மலிவு. எதிசலாத்தின் 'வாசல்', சிங்டெல்லின் 'ஹாய் கார்டு' என்ற பெயர்கள், வெளிநாடு பார்த்திராத தாய்மார்களுக்கும் அக்காலத்தில் தெரிந்திருந்தன.

இது இயல்பாக நடந்ததற்கு இரண்டு தற்செயல்கள் உதவின. இந்தியா, வளைகுடா, சிங்கப்பூர் மூன்றிலும் 900, 1800 என்ற ஒரே அலைவரிசைகள். அமெரிக்காவில் 850, 1900. இங்கிருந்து கொண்டுபோன நோக்கியா 1100 அங்கே வெறும் கைவிளக்கு. அடுத்தது, இங்கே கருவியைத் தனியாகவும் சேவையைத் தனியாகவும் வாங்கும் வழக்கம். அமெரிக்க நிறுவனங்களைப் போல் பூட்டுப் போட்டு விற்கவில்லை. 2003இல் ரூ. 501 கொடுத்தால் போதும் என்று ரிலையன்ஸ் பரப்பிய சி.டி.எம்.ஏ. கருவிகளில் மாற்றிப்போட சிம்மே கிடையாது; அவை ஊரோடு தங்கிவிட்டன.

திருத்தணியிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. இங்கிருந்து செல்பேசிகள் பெட்டி பெட்டியாகப் பல நாடுகளுக்குக் கப்பலேறின. வரி வழக்கில் சிக்கி, மைக்ரோசாப்டுக்குக் கைமாறாமல் விடுபட்டு, 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. கருவிக்கு வெளியூர் போகத் தெரிந்தது. அதைப் பூட்டிப் பொருத்திய இளம்பெண்களும் இளைஞர்களும் வேறு வேலை தேடி நின்றார்கள்.

உள்ளூர் சிம்முக்கும் ஒரு விலை இருந்தது. 2005 நவம்பர் முதல் சிங்கப்பூரில் முன்பணச் சிம் வாங்கப் பதிவு கட்டாயம். அமீரகம் 2012இல் எல்லா எண்களையும் மறுபதிவு செய்யச் சொன்னது. விசா முடிந்தால் எண்ணும் முடிந்தது. ஒப்பந்தம் தீர்ந்து திரும்பியவரை, அவரோடு நான்கு ஆண்டுகள் ஒரே அறையில் படுத்திருந்தவர் தேடிப் பிடிக்க முடியாமல் போன கதைகளை நாம் நேரில் கேட்டிருக்கிறோம். சிம்மில் சேமித்த பெயர்களும் சிம்மோடு போயின. விவரம் தெரிந்தவர்கள் சிறு நாட்குறிப்பில் எழுதிவைத்தார்கள். அந்தக் குறிப்பேடுகளே இன்று அவ்வாழ்வின் ஆவணங்கள். யாராவது சேகரிக்க வேண்டும்.

2017 ஏப்ரலில் சிங்கப்பூர் 2ஜி சேவையை நிறுத்தியது. பழைய கருவிகள் அங்கே ஒரே மாதத்தில் ஊமையாயின. 2022இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஐபோன் 14இல் சிம் செருகும் இடமே இல்லை.

நம் மேசை இழுப்பறையில் அப்படித் திரும்பிவந்த நோக்கியா ஒன்று கிடக்கிறது. இந்தியாவில் 2ஜி இன்னும் ஓடுவதால், உள்ளூர் சிம்மைப் போட்டால் பேசுகிறது. சிம்மே இல்லாமல் *#06# அழுத்தினாலும் தன் 15 இலக்கங்களைக் காட்டுகிறது.