வானத்துக்கு ஒரு கையெழுத்து

முதல் உலகப் போரில் அமெரிக்கா குதித்த 1917-ம் ஆண்டு. விமானி வேலை கேட்டு வந்த இளைஞர்களை ராணுவ டாக்டர்கள் ஒரு சுழல் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இருபது நொடியில் பத்துச் சுற்று. நாற்காலி சட்டென்று நின்றதும் பையனின் கருவிழி பக்கவாட்டில் துள்ளும். அந்தத் துள்ளல் அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அளவு மிகவும் கூடினாலும் குறைந்தாலும் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பை ஆராய்ந்து 1914-ம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாரனியின் பெயரைச் சுமந்த நாற்காலி அது. அந்தச் சோதனைக்கு என்ன மதிப்பு என்ற சந்தேகம் பின்னாளில் கிளம்பியது. ஆனால், யார் பறக்கலாம் என்று தீர்மானிப்பவர் டாக்டர் என்ற எண்ணம் மட்டும் ஆழமாக வேர்விட்டது. போர் முடிந்தபின் சொந்த ஆசைக்காகப் பறக்க வந்தவர்களையும் அது விடவில்லை.

1926-ல் அமெரிக்கா விமானப் போக்குவரத்துக்குத் தனிச் சட்டம் போட்டது. ராணுவ டாக்டராக இருந்த லூயிஸ் பாவர் அதன்படி அமைந்த மருத்துவப் பிரிவின் முதல் இயக்குநரானார். பார்வை, காது, இதயம் என்று அளவுகோல் வகுத்தார். நாடு முழுவதும் பரிசோதனை செய்ய டாக்டர்களைத் தேர்ந்தெடுத்தார். அடுத்த ஆண்டு வெளியான முதல் பட்டியலில் இருந்தவர்கள் 57 பேர். இனி உடம்பில் குறை உள்ளவருக்கு வானத்தில் இடமில்லை என்றுதான் தோன்றியது. அதே 1926-ல், ஓக்லஹோமா எண்ணெய் வயல் ஒன்றில், சம்மட்டி அடியில் தெறித்த இரும்புச் சில்லு ஒரு தொழிலாளியின் இடது கண்ணில் பாய்ந்தது.

அவர் பெயர் வைலி போஸ்ட். கண்ணுக்குக் கிடைத்த நஷ்டஈட்டுப் பணத்தில் அவர் வாங்கிய பொருள், ஒரு விமானம்! ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது என்றார்கள். போஸ்ட் ஒரு மரத்தைப் பார்ப்பார், இத்தனை அடி என்று மனத்துக்குள் கணக்குப் போடுவார், பிறகு நடந்தே போய் அளந்து சரிபார்ப்பார். நாள் கணக்கில் இதே வேலை. கடைசியில், பறந்து காட்டிய அனுபவத்தைக் கணக்கில் கொண்டு அவருக்கு விதிவிலக்கு கொடுத்தார்கள். 1931-ல் ஹரால்ட் காட்டியோடு எட்டே முக்கால் நாளுக்குள் உலகைச் சுற்றி வந்தார். 1933-ல் தன்னந்தனியாக எட்டு நாளுக்குள் முடித்தார். விதிக்குள் ஒரு ஜன்னல் இருப்பதை உலகமே பார்த்தது. அதைத் திறப்பதும் மூடுவதும் அரசு அதிகாரிகள் கையில் இருந்ததுதான் வினை.

பாப் ஹூவர் கதையில் அந்த ஜன்னல் மூடிக்கொண்டது. 1947-ல் சக் யேகர் ஒலியின் வேகத்தை முந்தியபோது வேறொரு விமானத்தில் கூடவே பறந்த விமானி அவர். 1992-ல் ஒரு வான்சாகச நிகழ்ச்சியில் அவர் பறந்ததைப் பார்த்த ஆய்வாளர்கள் அவரது மனத்திறன் மங்கிவிட்டது என்று அறிக்கை கொடுக்க, மருத்துவச் சான்றிதழ் பறிபோனது. ஆஸ்திரேலியா அவரைப் பறக்க அனுமதித்தது. சொந்த நாடு மறுத்தது. மூன்றாண்டு போராட்டத்துக்குப் பிறகு, 1995-ல்தான் சான்றிதழ் திரும்பி வந்தது. ஹூவருக்கே இந்தக் கதி என்றால், சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் உள்ள சாதாரண விமானிக்கு? பலர் வேறொரு வழியைப் பிடித்தார்கள்.

நோயை மறைத்தார்கள். வடக்குக் கலிஃபோர்னியாவில் விமானிகளின் பெயர்களை ஊனமுற்றோர் உதவித்தொகைப் பட்டியலோடு ஒப்பிட்டபோது, அரசிடம் ஒரு கையால் நோய்க்கான பணமும் மறு கையால் ஆரோக்கியச் சான்றிதழும் வாங்கிய நாற்பதுக்கும் மேற்பட்டோர் 2005-ல் மாட்டிக்கொண்டார்கள். மறைத்தது குற்றம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் டாக்டரிடம் உண்மையைச் சொன்னால் பறப்பதே போய்விடும் என்ற பயத்தை வளர்த்த விதிமுறைக்கும் அதில் பங்கு இருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டில் வந்த ஒரு சலுகை குழப்பத்தைக் கூட்டியிருந்தது. இரண்டு பேர் உட்காரும் சிறு விமானத்தை ஓட்ட மருத்துவச் சான்றிதழே வேண்டாம், கார் லைசென்ஸ் போதும் என்றது அந்த விதி. ஆனால் கடைசியாகக் கேட்ட சான்றிதழ் மறுக்கப்பட்டிருந்தால் இந்தக் கதவும் அடைபடும். மாரடைப்பு வந்து தேறிய விமானி தவித்துப்போனார். பரிசோதனைக்குப் போய்ப் பெரிய விமானத்தைக் காப்பாற்றப் பார்ப்பதா, போகாமலே இருந்து சிறிய விமானத்தோடு திருப்திப்படுவதா? போய்த் தோற்றால் இரண்டும் போச்சு. இந்த முடிச்சு அவிழ, டெக்சாஸில் ஒரு விமானம் தப்பான இடத்தில் இறங்க வேண்டியிருந்தது.

2010 அக்டோபரில் அதை இறக்கியவர் செனட்டர் ஜிம் இன்ஹோஃப். பராமரிப்புக்காக மூடியிருந்த ஓடுதளம். ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். விசாரணையும் மறுபயிற்சியும் வந்தன. அந்தச் சூட்டில், விமானிகளின் உரிமைக்காக 2012-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். மறு ஆண்டு அவருக்கே இதயத்தில் பைபாஸ் அறுவை சிகிச்சை. சான்றிதழுக்காக அலைவது என்னவென்று அனுபவத்தில் தெரிந்த மனிதர், 2015-ல் இரண்டாவது மசோதாவோடு வந்தார். 2016 ஜூலை 15-ல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தில் அதன் மருத்துவப் பகுதி இடம்பிடித்தது. 2017 மே 1-ல் பேசிக்மெட் என்ற புதிய விதிமுறை பிறந்தது.

அது கேட்டது ஆச்சரியமான அளவுக்குச் சாதாரணம். 2006 ஜூலை 14-க்குப் பிறகு ஒரு முறையாவது பழைய சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். கையில் கார் லைசென்ஸ். இரண்டாண்டுக்கு ஒரு முறை இணையப் பாடம். நான்காண்டுக்கு ஒரு முறை உரிமம் பெற்ற எந்த டாக்டரிடமாவது முழுப் பரிசோதனை. பைபாஸ், மாரடைப்பு, வலிப்பு போன்றவற்றுக்கு மட்டும் ஒரு தடவை அரசின் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். டாக்டர் நிரப்பிய படிவம் அரசுக்குக்கூடப் போவதில்லை; விமானியிடமே இருக்கும். தொண்ணூறு ஆண்டு அலைச்சலின் முடிவில் வந்து நின்றது, குடும்ப டாக்டரின் கையெழுத்து!

இங்கே தமிழ்நாட்டில், திருமயத்தில் நாற்பதைக் கடந்தவர் கார் லைசென்ஸுக்காக வாங்கும் 1ஏ படிவத்தில் விழுவதும் அப்படியொரு கையெழுத்துதான். காது கேட்கிறதா, சிவப்பு பச்சை பிரித்துத் தெரிகிறதா, சற்றுத் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்று பார்த்து டாக்டர் முத்திரை குத்திவிடுகிறார். பறப்பதற்கும் இதே போக்கில், பிரிட்டன் 2016-ல் விமானியின் சுய உறுதிமொழியையே பரவலாக ஏற்றது. ஆஸ்திரேலியா 2018-ல் தனியார் விமானிகளுக்கு வணிக வாகன ஓட்டுநரின் உடல்தகுதி அளவுகோலில் ஒரு வழி திறந்தது. இந்தியாவில் அந்த வழி இன்னும் திறக்கவில்லை, திறக்க வேண்டும். சொந்த ஆசைக்காகப் பறப்பவருக்கும் இங்கே இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் தேவை. அதற்கான பரிசோதனையைச் செய்யக்கூடியவர், விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அங்கீகரித்த டாக்டர் மட்டுமே. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் திருமயத்துக்காரர் ஒருவருக்குப் பறக்கும் ஆசை வந்தால், டிஜிசிஏ அங்கீகரித்த டாக்டரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டி முடிவு தெரிந்துகொண்ட பிறகு பயிற்சிப் பள்ளிக்குப் பணம் கட்டுவதே நல்லது.