ஊரடங்கும் நம் ஊரும்: சில வரலாற்றுக் குறிப்புகள்



போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் கொரோனா காலத்தைப் பற்றி ஒரு விவாதம் ஓடியது. "நம்ம ஜனங்களுக்கு ஒழுங்கு கிடையாது சார், அதனாலதான் போலீஸ் தடி எடுத்தது" என்று ஒருவன் எழுதினான். "ஒழுங்கெல்லாம் இருந்தது, ஏழைங்க மேல மட்டும்தான் கை வெச்சாங்க" என்று இன்னொருத்தி பதில் போட்டாள். இருவருமே என்னிடம் படித்த பிள்ளைகள். குழுவில் இரண்டு வரியில் சொல்லக்கூடிய பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். பதிவு நீளம். நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

முதலில் சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். 2020-ல் நம்மை வீட்டுக்குள் இருக்கச் சொன்ன சட்டங்களில் ஒன்று, வெள்ளைக்காரன் 1897 பிப்ரவரியில் போட்ட தொற்றுநோய்ச் சட்டம். போட்டபோது மொத்தமே நான்கு பிரிவுகள்தான். 1896-ல் பம்பாயில் பிளேக் வந்தபோது அவசரமாகக் கொண்டு வந்தார்கள். நோயைத் தடுக்க அரசு எந்த உத்தரவும் போடலாம், மீறினால் தண்டனை, நல்லெண்ணத்தில் செயல்பட்ட அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது. சுருக்கம் இதுதான். மக்களுக்கு அரசு என்ன செய்து தர வேண்டும் என்று அதில் ஒரு வரி கூடக் கிடையாது.

அந்தச் சட்டத்தைப் பூனாவில் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சோதித்தார்கள், பொருட்களை எரித்தார்கள், பெண்களையும் வெளியே இழுத்துப் பார்த்தார்கள். ஆத்திரம் முற்றி, 1897 ஜூன் 22 இரவு பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். அதன் பிறகு பல ஊர்களில் எதிர்ப்பு கிளம்பவே, அரசு கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுபிடியைக் குறைத்துக்கொண்டது.

1898 ஆகஸ்டில் பிளேக் பெங்களூருக்கு வந்தது. பெங்களூர் ரயில்பாதை நம் ஜோலார்பேட்டையில்தான் சென்னைப் பாதையோடு சேருகிறது. ஆகவே இந்தப் பக்கம் பயம் வந்ததில் ஆச்சரியமில்லை. சென்னை மாகாணத்தில் 'பிளேக் பாஸ்போர்ட்' என்று ஒரு முறை வைத்தார்கள். நோய் உள்ள ஊரிலிருந்து வருகிறவர் கையில் ஒரு சீட்டு கொடுப்பார்கள். அவர் தன் ஊருக்குப் போகலாம், தன் வீட்டிலேயே இருக்கலாம். ஆனால் பத்து நாள் உள்ளூர் அதிகாரியிடம் ஆஜராகி உடம்பைக் காட்ட வேண்டும். இதிலும் தொந்தரவு இருந்தது. ஆனாலும் பூனாவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். இங்கே மனிதனை வீடு போய்ச் சேர விட்டார்கள்.

இனி 2020-க்கு வருவோம்.

மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவிலிருந்து ஊரடங்கு. இடையில் நான்கு மணி நேரம். தோல் தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஊற வைத்த தோலையும் சுண்ணாம்பில் போட்ட தோலையும் பாதியில் விட்டுவிட்டுப் போக முடியாது, அழுகிவிடும். ஷூ கம்பெனிகளில் தைக்கிறவர்கள் பெரும்பாலும் சுற்றுக் கிராமத்துப் பெண்கள். கம்பெனி பஸ்ஸில் நெருக்கியடித்து வந்து, வரிசையாக மிஷின் முன்னால் உட்கார்ந்து, மாலையில் அதே பஸ்ஸில் திரும்புகிறவர்கள். அவர்களில் பலருக்கு வீடு என்பது ஒரே அறை, தெருவுக்கு ஒரு குழாய். "ஆறடி தள்ளி நில்லுங்கள்" என்ற விதியை எழுதியவர் இந்த வீட்டை நினைத்து எழுதியிருக்க முடியாது.

அடுத்தது மாவட்ட எல்லை. 2019 நவம்பர் 28-ல்தான் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரிலேயே இருந்தன. காகிதத்தில் இருந்த அந்தக் கோடு, இ-பாஸ் வந்ததும் நிஜமான வேலியாகிவிட்டது. ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு இருபது கிலோமீட்டர் சொச்சம். அங்கே என் பெரியம்மா இறந்தபோது, சாவுக்குப் போக செல்போனில் விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தோம். அனுமதி வந்தபோது மூன்றாம் நாள். பாலுக்குத்தான் போக முடிந்தது. மாவட்டங்களுக்கிடையே இ-பாஸ் ஒழிந்தது செப்டம்பர் 1-ல்தான்.

இதைவிட விசித்திரம், அந்த ஏப்ரல் கடைசி வாரத்தில் ஆந்திர எல்லையில் எழுந்த சுவர். குடியாத்தம் அருகே சைனகுண்டாவிலும், பொன்னை பக்கத்திலும் சாலைக்குக் குறுக்கே செங்கல், சிமெண்ட் வைத்துச் சுவர் கட்டியது வேலூர் மாவட்ட நிர்வாகம். சித்தூர் பக்கத்தில் எதிர்ப்பு கிளம்பியது. பத்திரிகைகளில் செய்தி வந்தது. ஓரிரு நாளில் இடித்துவிட்டார்கள்.

அந்தச் சுவர் நின்ற இடத்தின் வரலாறு உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1911 வரை சித்தூரும் வேலூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். மாவட்டத் தலைநகரே சித்தூர்தான். நம் வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கம் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. குடியாத்தம் பக்கத்தில் சித்தூரில் பெண் கொடுத்து, பெண் எடுத்த குடும்பங்கள் ஏராளம். சித்தூர்க்காரர்களுக்கு உடம்பு முடியவில்லையென்றால் இன்றைக்கும் வேலூர் சி.எம்.சி.தான். நூறு வருடத்துக்கு மேல் போய்வந்த பாதையை ஒரு நாளில் அடைத்தால் ஜனங்கள் கோபப்படாமல் என்ன செய்வார்கள்?

இன்னொன்று, அந்த வார்த்தை. 'சமூக இடைவெளி' என்று முதலில் எல்லா சுவரொட்டியிலும் போட்டார்கள். உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில், சமூக உறவு விலக வேண்டாம், உடல் தள்ளியிருந்தால் போதும் என்று சொல்லி வார்த்தையை மாற்றிக்கொண்டது. நம் பக்கத்திலும் 'தனிமனித இடைவெளி' என்ற சொல் பிறகு பரவியது. நல்ல மாற்றம். ஏனென்றால் சமூக இடைவெளி நம் ஊருக்குப் புதிது அல்ல. கொரோனாவுக்கு ஏழு மாதம் முன்பு, 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் ஒரு தலித்தின் உடலைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக நிலத்தின் வழியே விடாததால், பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். உயர் நீதிமன்றம் தானாகவே அந்த வழக்கை எடுத்தது. தோலைத் தொட்டு வேலை செய்ததற்காகவே தலைமுறைகளாகத் தள்ளி நிறுத்தப்பட்டவர்கள் வாழும் ஊர் இது. அவர்களிடம் போய் "விலகி நில்" என்று அதட்டினால், காதில் விழுவது மருத்துவ அறிவுரையாகவா இருக்கும்?

இப்போது அந்தத் தம்பி கேட்ட ஒழுங்குக்கு வருகிறேன்.

ஏப்ரலில் அரிசி அட்டைக்கு ஆயிரம் ரூபாயும், விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தார்கள். வீட்டுக்கே டோக்கன் வந்தது, அதில் தேதியும் நேரமும் இருந்தது. எங்கள் தெரு ரேஷன் கடை முன்னால் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். வெயிலில் வட்டத்துக்குள் பையை வைத்துவிட்டு, முறை வரும்வரை நிழலில் நின்றார்கள் நம் ஜனங்கள். ஒருவர் பையை ஒருவர் நகர்த்தவில்லை. ரம்ஜான் மாதம் முழுக்கப் பள்ளிவாசல் போகாமல் வீட்டிலேயே தொழுதார்கள். பெருநாள் தொழுகையும் வீட்டில்தான். ஆம்பூரும் வாணியம்பாடியும் எப்படிப்பட்ட ஊர்கள் என்று தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விட்டுக்கொடுத்தல் என்பது புரியும். அதே நாட்களில்தான் நோய்க்கு மதச்சாயம் பூசிப் பேசினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

மறுபக்கத்தையும் பாருங்கள். மே 7 அன்று டாஸ்மாக் கடைகளைத் திறந்தார்கள். வரிசை கட்ட போலீஸ் பாதுகாப்பு. அடுத்த நாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. மே 12 அன்று வாணியம்பாடியில், விதியை மீறிக் கடை போட்டார்கள் என்று சொல்லி நகராட்சி ஆணையர் பழ வண்டிகளைக் கவிழ்த்த காட்சியை நாடே பார்த்தது. பிறகு அவர் வருத்தம் தெரிவித்தார், வியாபாரிகளுக்கு நஷ்ட ஈடும் கொடுக்கப்பட்டது. ஆனால் ஐந்து நாள் இடைவெளியில் ஜனங்கள் கண்டது, சாராயத்துக்குக் காவல், பழத்துக்குத் தண்டனை.

ஜூனில் சாத்தான்குளம். கடையைக் குறித்த நேரத்துக்கு மேல் திறந்து வைத்ததாகப் பிடித்துக்கொண்டு போன தந்தையும் மகனும் பிணமாகத்தான் வெளியே வந்தார்கள். ஜூலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் முழு ஊரடங்கு. ஜூலை 12 ஞாயிறு, நம் ஆம்பூரில் ஓர் இளைஞரின் இருசக்கர வாகனத்தைப் போலீசார் பறிமுதல் செய்தார்கள். மனம் உடைந்து அவர் எடுத்த முடிவு உங்களுக்குத் தெரியும். மருத்துவமனையில் பிழைக்கவில்லை. காவலர்களை இடமாற்றம் செய்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு அது என்ன ஆறுதல்?

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2021 மே மாதம் படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் நாம் அலைந்ததை யாரும் மறக்கவில்லை. நம் குழுவிலேயே சிலர் பெற்றோரை இழந்தீர்கள். நோய் பொய் அல்ல, தள்ளி நின்றதும் வீண் அல்ல. 2020 மே மாதமே ஓய்வு பெற வேண்டிய எனக்கு, ஓய்வு வயது 59 ஆகி, பிறகு 60 ஆகி, இரண்டு வருடம் கூடுதலாகப் பள்ளியில் இருக்க நேர்ந்தது. முகக்கவசத்தோடு திரும்பி வந்த பிள்ளைகளை வாசலில் நிறுத்திக் கைக்குச் சானிடைசர் ஊற்றியவர்களில் நானும் ஒருவன்.

நான் சொல்வது இவ்வளவுதான். காரணத்தைச் சொல்லி, கையில் அரிசியும் கொடுத்து நிற்கச் சொன்ன இடத்தில் நம் ஜனங்கள் நின்றார்கள். காரணமும் சொல்லாமல், பிழைப்புக்கும் வழி செய்யாமல், கையை மட்டும் ஓங்கிய இடத்தில்தான் முரண்டு வந்தது. 1897 பூனாவிலும் அதுதான் நடந்தது, 2020 வாணியம்பாடியிலும் அதுதான் நடந்தது. ஆகவே தம்பி, ஒழுங்கு இல்லாதது ஜனங்களிடம் மட்டும் இல்லை. அம்மா, நீ சொன்னதும் சரி, ஆனால் வட்டத்துக்குள் பையை வைத்துக் காத்திருந்தவர்களும் அதே ஏழைகள்தான். அதையும் சேர்த்துச் சொல்.

நான்கு பிரிவுச் சட்டத்தில் அரசின் அதிகாரம்தான் இருக்கிறது, ஜனங்கள் பட்ட பாடு இல்லை. ஆகவே அதை நாம்தான் எழுதி வைக்க வேண்டும். உங்கள் தெருவில் என்ன நடந்தது, சம்பளம் எத்தனை மாதம் வரவில்லை, யார் சோறு போட்டார்கள் என்று கீழே எழுதுங்கள். அடுத்த நோய் வரும்போது யாராவது ஒருவர் படிப்பார்.

அனைவரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்